கிரவுண்ட் கிளாஸில் கூர்மை, தாளில் மங்கல்: மூக்குக்கண்ணாடி லென்ஸ் போட்ட பெட்டிக் கேமரா

இழைப்புளி

வணக்கம். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து 4×5 அங்குலத்துக்கு ஒரு கேமரா செய்து முடித்துவிட்டேன். படம் விழுகிறது. நான் பார்த்த இடத்தில் மட்டும் விழ மாட்டேன் என்கிறது.

பெட்டி 6 மி.மீ. பிளைவுட். துருத்தி மடிக்கும் பொறுமை எனக்கு இல்லாததால் பெட்டிக்குள் பெட்டி. தீப்பெட்டி போல ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும். ஒளி கசியாமலிருக்க இடையில் கறுப்பு வெல்வெட். உட்புறம் முழுக்கக் கரும்பலகைக்கு அடிக்கும் பெயின்ட். லென்ஸ், மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கிய +4 பவர் பிளாஸ்டிக், ஃபிரேமுக்கு வெட்டாத முழு வட்டம். 1000-ஐ 4-ஆல் வகுத்தால் 250 மி.மீ. குவிதூரம். அதன்முன் 22 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டை, ஆக எஃப்/11 (குவிதூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்த எண்; எண் கூடினால் துளை சிறிது). ஷட்டர் என்று எதுவும் இல்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைக் கழற்றி, எண்ணி, மாட்டுகிறேன். ஃபிலிமுக்குப் பதில் அச்சுப் போடும் போட்டோத் தாள், ஃபில்டரால் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய பலதர வகை. அதன் ஒளி வேகத்தை ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன்.

முதல் படம் பெரியப்பாவுக்கு. தச்சர், அவர் பட்டறையில்தான் இந்தப் பெட்டியே பிறந்தது. திண்ணை நிழலில் நாற்காலி போட்டு, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, கிரவுண்ட் கிளாஸில் (தாள் வரும் இடத்தில் நின்று படத்தைக் காட்டும் சொரசொரப்புக் கண்ணாடி) பூதக்கண்ணாடி வைத்து அவர் கண்ணுக்கு ஃபோகஸ் செய்தேன். கண்ணிமை தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. ஒரு விநாடி திறந்தேன். தாளைக் கழுவிப் பார்த்தால் முகம் பஞ்சு மாதிரி இருக்கிறது. முழங்காலுக்குச் சற்று மேலே தூக்கிக் கோத்து வைத்திருந்த கைகள் மட்டும் கத்தி போல வந்திருக்கின்றன. விரல் நகத்தின் வெடிப்பு, உளி பட்ட பழைய தழும்பு, எல்லாம் எண்ணலாம். நான்கு தடவை எடுத்தும் நான்கிலும் இதே கதை. "முகத்தை விட்டுவிட்டுக் கையை எதற்கு எடுக்கிறாய்" என்று கேட்கிறார்.

எங்கே தப்பு?

மஞ்சள் விளக்கு

வாழ்த்துகள் தம்பி. முதல் சந்தேகம் எப்போதும் பின்பலகைமேல்தான். கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்கிறதா? பலர் வழவழப்பான பக்கத்தை உள்ளே வைத்துவிடுகிறார்கள். கண்ணாடியின் கனம் அளவுக்கு ஃபோகஸ் தள்ளிப்போகும். அடுத்தது, அந்தச் சொரசொரப்பு நிற்கும் தளமும் தாள் உட்காரும் தளமும் ஒன்றா? கடையில் கிடைக்கும் 4×5 ஹோல்டர்களில் (தாளை வைத்துப் பெட்டியில் செருகும் சட்டம்) தாள் உட்காரும் ஆழம் ஏறக்குறைய 5 மி.மீ. நீங்களே செய்த ஹோல்டர் என்றால் வெர்னியர் காலிப்பர் வைத்து நான்கு மூலையிலும் அளந்து சொல்லுங்கள்.

நேர்கோடு

மூக்குக்கண்ணாடி லென்ஸ் மூக்குக்குத்தான். 150 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் ஒன்று பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டுங்கள், 4×5-ஐத் தாராளமாக மூடும். மூன்று மாதம் மரத்தை இழைத்துவிட்டு லென்ஸில் கஞ்சத்தனம் செய்தால் இப்படித்தான்.

இழைப்புளி

மஞ்சள் விளக்கு அண்ணா, சொரசொரப்பான பக்கம் உள்ளேதான். காலிப்பர் வைத்துப் பார்த்தேன். கண்ணாடித் தளத்துக்கும் தாள் தளத்துக்கும் அதிகபட்சம் 0.3 மி.மீ. வித்தியாசம், அதுவும் ஒரு மூலையில் மட்டும். எஃப்/11-இல் இது முகத்தையே கலைக்கும் அளவுக்குப் போகுமா?

நேர்கோடு, லென்ஸ் வாங்க முடியாமல் இல்லை. வாங்கிவிட்டால் இது என் கேமராவா, அந்த லென்ஸுக்கு நான் செய்த பெட்டியா என்பதுதான் கேள்வி.

மஞ்சள் விளக்கு

போகாது. எஃப்/11-இல் முன்னும் பின்னும் ஒன்றரை மி.மீ. வரை தாங்கும். வேறு எங்கோ இருக்கிறது.

கொழும்புத்துறை

லென்ஸை எந்தப் பக்கமாக மாட்டியிருக்கிறீர்கள்? மூக்குக்கண்ணாடி வில்லை பிறைபோல் வளைந்திருக்கும். முகத்தில் போடும்போது குவிந்த பக்கம் வெளியே இருப்பதால் கேமராவிலும் அப்படியே மாட்டத் தோன்றும். துளை முன்னால் இருக்கும்போது அது தலைகீழ். குழிந்த பக்கம்தான் காட்சியைப் பார்க்க வேண்டும், துளை அதற்கு முன்னால் சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். வொல்லாஸ்டன் 1812-இலேயே கண்டுபிடித்துச் சொன்ன ஏற்பாடு இது. அப்போது போட்டோவே கிடையாது. இருட்டுப் பெட்டிக்குள் காட்சியைப் பார்த்து வரைகிறவர்களுக்காகச் செய்தார்.

இழைப்புளி

குவிந்த பக்கம் வெளியேதான் இருந்தது! திருப்பி மாட்டி, துளை அட்டையை 35 மி.மீ. முன்னால் தள்ளினேன். ஓரங்கள் நம்ப முடியாத அளவுக்குத் தேறிவிட்டன. கதவுச் சட்டம் இப்போது சட்டமாகவே தெரிகிறது. நன்றி ஐயா.

நடுவில் மாற்றமில்லை. கை கூர்மை, கண் மங்கல்.

வெள்ளி உப்பு

இழையை இன்றுதான் பார்த்தேன். முப்பது வருடம் ஸ்டூடியோ இருட்டறையில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பெட்டியில் தப்பில்லை, ஹோல்டரில் தப்பில்லை. உங்கள் கண்ணும் உங்கள் தாளும் வேறு வேறு வெளிச்சத்தைப் பார்க்கின்றன.

கிரவுண்ட் கிளாஸைப் பார்க்கும் கண்ணுக்கு மஞ்சள்பச்சைதான் மிகவும் பிரகாசம்; அதன் உச்சம் 555 நானோமீட்டர் பக்கம். ஃபோகஸ் செய்தபோது நீங்கள் கூர்மையாக்கியது அந்த நிறத்தை. போட்டோத் தாளுக்குச் சிவப்பு தெரியாது, அதனால்தான் சிவப்பு விளக்கில் அதைக் கையாள முடிகிறது. அதை முக்கியமாகக் கறுக்கச் செய்வது நீலமும் ஊதாவும். ஒற்றை வில்லையில் நீலம் அதிகமாக வளையும், அதாவது லென்ஸுக்குக் கிட்டவே குவிந்துவிடும். சாதாரண மூக்குக்கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் மஞ்சளுக்கும் நீலஊதாவுக்கும் குவிதூரத்தில் சுமார் 2 சதவீதம் வித்தியாசம் வரும். உங்கள் 250-க்கு அது 5 மி.மீ.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒன்றரை மீட்டரில் இருக்கும் கண்ணுக்கு ஃபோகஸ் செய்தால் லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையே 300 மி.மீ. பெட்டி அப்படியே நிற்கிறது, தாள் வந்து உட்காருகிறது. தாளைப் பொறுத்தவரை லென்ஸ் 250 அல்ல, 245. 245 மி.மீ. லென்ஸ் 300 மி.மீ. நீட்டத்தில் எந்தத் தூரத்தைக் கூர்மையாக்கும்? சுமார் 1.34 மீட்டர். நீங்கள் நினைத்ததைவிட 16 செ.மீ. கிட்டத்தில். உங்கள் பெரியப்பாவின் கை கண்ணைவிட எவ்வளவு முன்னால் இருந்தது என்று அளந்து பாருங்கள். என் கணக்கில் முக்கால் சாண் இருக்கும்.

பிளாஸ்டிக் எது என்றும் கடையில் கேளுங்கள். சி.ஆர்.-39 என்றால் அபே எண் (குறையக் குறைய நிறங்கள் அதிகமாகப் பிரியும்) 58, நான் சொன்ன கணக்கு பொருந்தும். உடையாத பாலிகார்பனேட் என்றால் அபே எண் 30தான். பிசகு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

நேர்கோடு

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பிளைவுட் பெட்டி சறுக்குகிறது, ஹோல்டரைச் செருகும்போது ஒரு தள்ளு விழுந்தாலும் 5 மி.மீ. போகும். நிறத்தின்மேல் பழி போடும் முன் அதை எப்படி விலக்குவீர்கள்?

மஞ்சள் விளக்கு

நியாயமான கேள்வி. தள்ளு விழுந்தால் நான்கு படத்திலும் ஒரே அளவு விழாது என்பது ஒரு பதில். ஆனாலும் சோதனை செய்துவிடலாம்.

ஒன்பது சீட்டுகளில் 1 முதல் 9 வரை எண் எழுதுங்கள். ஒரு பலகையில் 5 செ.மீ. இடைவெளியில், ஒன்றை ஒன்று மறைக்காமல் படிக்கட்டு போல நிறுத்துங்கள். 1 கேமராவுக்குக் கிட்ட, 9 தொலைவில். 5-க்கு ஃபோகஸ் செய்து, பெட்டியை ஜி-கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு எடுங்கள். எந்த எண் தாளில் கூர்மையோ அதுதான் உண்மை.

இது என் யோசனை அல்ல. 1840-களில் லண்டனில் டாகெரோடைப் (வெள்ளித் தகட்டில் எடுக்கும் அந்தக் காலப் படம்) ஸ்டூடியோ வைத்திருந்த கிளாடே என்ற பிரெஞ்சுக்காரருக்கு இதே தலைவலி. வெள்ளித் தகடும் நீலத்தைத்தான் பார்க்கும். லென்ஸ் செய்தவர்கள் தொலைநோக்கிக்குச் செய்வதுபோலக் கண்ணுக்குத் திருத்தியிருந்தார்கள். எண் போட்ட துண்டுகளை வெவ்வேறு தூரத்தில் நிறுத்தி ஒரு சோதனைக் கருவியே செய்தார். கண்ணின் ஃபோகஸ் எங்கே, ரசாயனத்தின் ஃபோகஸ் எங்கே என்று அதில் தெரிந்துவிடும்.

இழைப்புளி

செய்துவிட்டேன். கிளாம்ப் இறுக்கியதில் பிளைவுட்டில் தழும்பு விழுந்து பெரியப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

5-க்கு ஃபோகஸ் செய்தேன். தாளில் கூர்மையாக வந்தது 2. அதாவது 15 செ.மீ. முன்னால். 5-ஆம் சீட்டைப் படிக்கலாம், ஆனால் எழுத்தின் ஓரம் கரைந்திருக்கிறது. 9 வெறும் புகை. ஹோல்டரை எடுத்து மறுபடி செருகி இரண்டாம் முறை எடுத்தாலும் 2தான்.

கடைக்காரரிடம் கேட்டேன், சி.ஆர்.-39 என்றார். வெள்ளி உப்பு ஐயா, நாற்காலியில் அவரை மறுபடி உட்கார வைத்துக் கையையும் அளந்தேன். 17 செ.மீ.

நேர்கோடு

சரி, ஒப்புக்கொள்கிறேன். என்லார்ஜர் லென்ஸ் யோசனையைத் திரும்பப் பெறவில்லை.

வெள்ளி உப்பு

திருத்த மூன்று வழி.

மலிவானது, ஃபோகஸ் செய்த பிறகு உள்பெட்டியை லென்ஸ் பக்கமாகத் தள்ளுவது. தொலைவான காட்சிக்கு 5 மி.மீ. கிட்டத்தில் அது போதாது. நீட்டத்தைக் குவிதூரத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 5-ஆல் பெருக்குங்கள். 300/250 என்றால் 1.44, ஆக 7 மி.மீ. சறுக்கும் பெட்டியின் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டு, கண்ணுக்கு ஒன்று தாளுக்கு ஒன்று என்று பென்சிலால் குறித்துவிட்டால் போதும். குறையே இல்லையா என்றால் இருக்கிறது. அவசரத்தில் தள்ள மறந்துவிடுவீர்கள். நான் மறந்திருக்கிறேன், அதுவும் அடுத்தவர் கல்யாணத்தில், வேறொரு கேமராவில்.

இரண்டாவது, நீல ஜெலட்டின் தாளைக் கண்ணுக்கும் கிளாஸுக்கும் நடுவே வைத்து ஃபோகஸ் செய்வது. கண்ணும் நீலத்தையே பார்க்கும். ஆனால் எஃப்/11-இல், திண்ணை நிழலில், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நீல வெளிச்சத்தில் ஒருவருடைய இமையைத் தேடிப் பாருங்கள், அதன் லட்சணம் புரியும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. தாளின் கண்ணை நம் கண் பக்கம் இழுப்பது. பலதரத் தாளுக்குப் பச்சையும் தெரியும். லென்ஸுக்கு முன்னால் அடர் மஞ்சள் ஃபில்டர் போட்டால் நீலம் நின்றுவிடும், பச்சை மட்டும் உள்ளே போகும். ஃபோகஸ் பிசகு பெருமளவு ஒழியும், தாளின் முரட்டுக் கான்ட்ராஸ்டும் அடங்கும். விலை, நேரம். உங்கள் ஒரு விநாடி ஐந்தாறு விநாடி ஆகும்.

இழைப்புளி

ஐந்தாறு விநாடியா? பெரியப்பா ஒரு விநாடி சும்மா இருந்ததே அதிசயம். மூடியைக் கழற்றுவதற்குள் "மரம் ஈரம் காய்ந்ததா பார்" என்று வாய் திறந்துவிடுவார்.

தேக்கடி

கொஞ்சம் விலகிப் பேசலாமா? மரம் என்றதும் ஞாபகம் வந்தது. ஆலப்புழையில் 1940-களிலிருந்து வாகீஸ்வரி என்ற பெயரில் தேக்கும் பித்தளையும் வைத்துப் பெரிய கேமராக்கள் செய்தார்கள், நாடு முழுக்க ஸ்டூடியோக்களுக்குப் போயின. ஒன்றைப் பழுது பார்க்கக் கையில் எடுத்திருக்கிறேன். மூலைப் பொருத்தில் இன்றைக்கும் ஒரு மயிரிழை விரியவில்லை. பிளைவுட் மழைக்காலத்தில் ஊதும். உங்கள் சறுக்குப் பெட்டி ஐப்பசியில் சிக்கிக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. என்னிடம் ஊட்டித் தொழிற்சாலையில் செய்த 'இந்து' என்ற பெயர் போட்ட பழைய போட்டோத் தாள் ஒரு பெட்டி இருக்கிறது, பிரிக்காதது. எந்தக் காலத்தது என்று தெரியவில்லை. பயன்படுமா?

வெள்ளி உப்பு

அந்தப் பெட்டியின் நீல அட்டை வாசனையே எனக்கு வேலைக்குச் சேர்ந்த நாளை நினைவுபடுத்தும். இருட்டறையில் ஒரு துண்டு கிழித்து, வெளிச்சமே காட்டாமல் பாதியை ஃபிக்சரில் முக்குங்கள். பிறகு முழுத் துண்டையும் டெவலப்பரில் போட்டு ஃபிக்சருக்கு மாற்றுங்கள். இரு பாதியும் ஒரே வெள்ளையாக இருந்தால் யோகம். மற்ற பாதி சாம்பலாக வந்தால் வயதாகிவிட்டது. லேசான சாம்பல் என்றால் தம்பியைப் போலக் கேமராவில் போட்டுப் பேப்பர் நெகட்டிவுக்கு ஓட்டலாம்.

கொழும்புத்துறை

தம்பியின் பெரியப்பா பிரச்சினைக்கு வருகிறேன். தாளை விடுங்கள், எக்ஸ்ரே ஃபிலிமுக்கு மாறுங்கள்.

காரணம் இருக்கிறது. ஃபிலிம் போடும் மருத்துவமனைக் கேசட்டில் எக்ஸ்ரே நேராகப் படம் போடுவதில்லை. உள்ளே இருக்கும் திரையை ஒளிரச் செய்கிறது, அந்த ஒளிதான் ஃபிலிமில் பதிகிறது. பழைய திரை கால்சியம் டங்ஸ்டேட், நீலமாக ஒளிரும். பின்னால் வந்த கடோலினியம் திரை பச்சையாக ஒளிரும், முக்கியமாக 545 நானோமீட்டரில். அதற்காக ஃபிலிமுக்கும் பச்சை தெரியும்படிச் சாயம் சேர்த்தார்கள். சாயம் சேர்த்தால் வெள்ளி உப்புக்குப் புதிய நிறம் தெரியும் என்று பெர்லினில் வோகல் 1873-இல் கண்டதுதான் இதற்கெல்லாம் மூலம். (நம் வெள்ளி உப்புக்கும் மஞ்சள் ஃபில்டர்தான் பிடிக்கிறது, கவனியுங்கள்.)

ஆக, பச்சை ஃபிலிம் 545, உங்கள் கண் 555. மஞ்சள் ஃபில்டர் போட்டு நீலத்தை வெட்டிவிட்டால் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தைப் பார்க்கிறார்கள். வேகமும் தாளைவிடப் பல மடங்கு, நான் ஐ.எஸ்.ஓ. 80 என்று வைத்துக்கொள்கிறேன், ஃபில்டரோடு 20. சிவப்பு விளக்கிலேயே கழுவலாம். கடையில் பச்சை ஃபிலிம் என்று கேட்டு வாங்குங்கள். நீல ஃபிலிமை மஞ்சள் ஃபில்டரோடு போட்டால் வெறும் ஃபிலிம்தான் வரும். 8×10 அங்குலத்தை நான்காக வெட்டினால் 4×5. ஹோல்டருக்குள் போக ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மி.மீ. சீவிவிடுங்கள்.

எச்சரிக்கை: இரு பக்கமும் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு. ஈரத்தில் வெண்ணெய் மாதிரி. தட்டின் அடியில் கண்ணாடி போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, கிடுக்கி இல்லாமல்.

இழைப்புளி

முதல் இரண்டு ஃபிலிமையும் கீறித் தள்ளினேன். கிடுக்கி வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் கிடுக்கியால் எடுத்தேன். கை பழக்கம்.

மூன்றாவது கீறல் இல்லாமல் வந்தது. கணக்கு: ஐ.எஸ்.ஓ. 20 என்றால் எஃப்/11-இல் திண்ணைக்கு மூன்றில் ஒரு விநாடி. ஊறுகாய் மூடியால் அவ்வளவு வேகம் முடியாது. எனவே துளையை 11 மி.மீ. ஆக்கினேன், எஃப்/22, ஒரு விநாடிக்குச் சற்று அதிகம். எக்ஸ்ரே டெவலப்பரைப் பாதியாக நீர்க்க வைத்தேன், இல்லாவிட்டால் வேட்டி வெளுத்துச் சட்டையோடு ஒட்டிவிடுகிறது.

கண் வந்துவிட்டது. இமை, இமைக்குக் கீழே சுருக்கம், மூக்குக்கண்ணாடி அழுத்திய பள்ளம்.

நேர்கோடு

இருங்கள். துளையைப் பாதியாக்கினால் கூர்மையின் ஆழம் இரட்டிப்பாகும். எஃப்/22-இல் 16 செ.மீ. பிசகைக்கூட ஓரளவு விழுங்கிவிடும். தீர்த்தது மஞ்சள் ஃபில்டரா, சின்னத் துளையா? இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒன்றுக்கு மாலை போடக் கூடாது.

வெள்ளி உப்பு

நேர்கோட்டுக்கு இன்று நூற்றுக்கு நூறு.

இழைப்புளி

இரண்டு நாள் தூக்கம் போயிற்று, நேர்கோடு. நேற்றுச் சாயங்காலம், வெளிச்சம் நன்றாகக் குறைந்த பிறகு, பழைய 22 மி.மீ. துளையை மாட்டிச் சீட்டுகளை மறுபடி நிறுத்தினேன். சீட்டுகளுக்கு வாய் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். 5-க்கு ஃபோகஸ். ஒரு ஃபிலிம் மஞ்சள் ஃபில்டரோடு, ஒன்று இல்லாமல்.

ஃபில்டரோடு: 5 கூர்மை, 4-உம் கிட்டத்தட்ட அப்படியே. ஃபில்டர் இல்லாமல்: 4-க்கும் 3-க்கும் நடுவில் எங்கோ, எழுத்தைச் சுற்றி லேசான ஒளிவட்டம். ஃபிலிமுக்குப் பச்சையும் நீலமும் சேர்ந்தே தெரிவதால் தாள் அளவுக்கு முன்னால் போகவில்லை என்று நினைக்கிறேன், ஐயாக்கள் சொல்ல வேண்டும். படத்தை நாளை ஸ்கேன் செய்து ஏற்றுகிறேன்.

நேர்கோடு

போதும். ஃபில்டர்தான்.

தேக்கடி

பெரியப்பா பார்த்தாரா?

இழைப்புளி

அச்சுப் போட்டுக் கொடுத்தேன். கண்ணை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நெற்றியைக் காட்டி, "குங்குமம்தானே வைத்திருந்தேன், எதற்கு மை பூசி எடுத்திருக்கிறாய்" என்றார். சிவப்பு இந்த ஃபிலிமுக்குத் தெரியாது, அதனால் கறுப்பாகத்தான் விழும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பெட்டியைத் திருப்பி கிளாம்ப் தழும்பைத் தடவிக்கொண்டே உப்புத்தாள் தேடப் போய்விட்டார்.